செருப்பைத் தூக்குமுன் சற்றுப் பாருங்கள்

சென்ற மாதம் சிராங்கூன் சாலையில் நண்பர்களுடன் சாப்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். கால்வாய் ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று ஓடியது. “கரப்பான்!” என்று ஒருத்தி அலறினாள். அடுத்த நொடியே ஒரு காலணி அதன்மேல் இறங்கியது. அது கரப்பான்தானா என்று நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

எனக்குப் புதுக்கோட்டைத் தாத்தாவின் நினைவு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது விடுமுறைக்கு அங்கு சென்றிருந்தேன். கடலைக் கொல்லை ஓரத்தில் கறுப்பு வண்டு ஒன்றைக் கண்டதும் காலைத் தூக்கினேன். “மிதிக்காதய்யா, பயிரைத் திங்கிற பூச்சியத்தான் அது திங்குது” என்று தாத்தா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அது ஆறு புள்ளித் தரைவண்டு. அதன் அறிவியல் பெயர் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. அந்தப் பெயருக்கும் ஆறு புள்ளி என்றே பொருள். தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் இவ்வண்டு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம் வளரும். கறுப்பு உடலில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இதற்குப் பறக்கத் தெரியாது. நீண்ட கால்களால் ஓடிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

தரைவண்டுக் குடும்பத்தில் உலகம் முழுவதும் சுமார் 40,000 வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வேட்டையாடுபவை. கம்பளிப்பூச்சி, புழு, நத்தை எனப் பயிரை அழிக்கும் பலவும் அவற்றுக்கு உணவு. சில வகைகள் களை விதைகளையும் உண்ணும்.

அவை உண்ணும் விதம் வியப்பானது. நாம் உணவை விழுங்கிய பிறகு வயிற்றில் செரிக்கிறோம். தரைவண்டுகள் பலவற்றுக்குச் செரிமானம் வாய்க்கு வெளியிலேயே தொடங்கிவிடும். கத்தரிக்கோல் போன்ற தாடைகளால் இரையைப் பற்றி, அதன்மேல் செரிமான நீரை உமிழும். சதை கரைந்து கூழானதும் உறிஞ்சிக்கொள்ளும்.

தாத்தா என் கையை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சீண்டினால் இவ்வண்டு அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சார்ல்ஸ் டார்வினுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. மாணவப் பருவத்தில் இரு கைகளிலும் ஆளுக்கொரு வண்டு வைத்திருந்தவர், மூன்றாவதைக் கண்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது கக்கிய திரவம் நாக்கைச் சுட, துப்பிவிட்டார். அந்த வண்டும் போனது, மூன்றாவதும் போனது!

வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியாவில் ஏழு புள்ளிக் கரப்பான் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள். எதிரிகளை ஏமாற்ற அது இந்தத் தரைவண்டைப் போல வேடமிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கரப்பானே வண்டாக மதிக்கப்பட விரும்புகிறது. நாமோ வண்டைக் கரப்பான் என்று மிதிக்கிறோம்.

ஆறு புள்ளி வண்டு ஊரில்தான். ஆனால் சிங்கப்பூரும் ஒரு காலத்தில் வண்டுகளின் ஊர். 1854ல் இங்கு வந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், புக்கிட் தீமா பகுதியில் சுமார் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மிகாத இடத்தில் கிடைத்தவை. அதன் பிறகு தீவின் காடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. உதிர்ந்த இலையும் ஈரமண்ணும் இல்லாத இடத்தில் பல வகைத் தரைவண்டுகள் வாழாது. மிஞ்சியிருக்கும் பூங்காக்களிலும் புதர் ஓரங்களிலும் பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்தால், இரையோடு வேட்டைக்காரனும் செத்துப்போகும்.

வண்டையும் கரப்பானையும் பிரித்தறிவது எளிது. கரப்பானின் தலை, முதுகுக் கேடயத்துக்கு அடியில் மறைந்திருக்கும். இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தரைவண்டின் தலையும் தாடையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கெட்டியான மேலிறக்கைகள் முதுகின் நடுவே நேர்க்கோடாகச் சேரும்.

அடுத்த முறை வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலோ பூங்காவிலோ கறுப்பாக ஏதாவது ஓடினால், முதலில் அந்த நேர்க்கோட்டைத் தேடுங்கள். கையால் தொட வேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அதற்கு வழிவிடுங்கள். அது இரை தேடிப் போய்க்கொண்டிருக்கலாம்.