தராசு கற்பித்த பாடம்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, தாம்பரம் கடைத்தெருவில் ஒரு வேடிக்கையைக் கண்டோம். காய்கறிக் கடைத் தராசின் மீது கத்தரிக்காய்க்குப் பதிலாக ஒரு ரோபோ வீற்றிருந்தது! சக்கரமும் கையும் பூண்ட அந்தச் சிறு யந்திரத்தைச் சுற்றி நம் பள்ளி மாணவர் நால்வர் கவலையுடன் நின்றார்கள். போட்டி விதி அனுமதிக்கும் எடையைவிட அது 300 கிராம் அதிகம்.

"ஸார், சின்ன பாட்டரியாக மாற்றிவிடலாமா?" என்றான் ஒருவன். மாற்றினால் ஆட்டம் முடியுமுன்பே யந்திரம் களைத்துவிடும். சட்டத்தில் துளையிடலாம் என்றாள் ஒருத்தி. அளவு மீறித் துளைத்தால் மோதலில் சட்டம் வளைந்துவிடும். மோட்டார் பெருத்தால் பாட்டரியும் பெருக்க வேண்டும்; அதைத் தாங்கச் சட்டமும் தடிக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நேயர்களுக்கு இந்த இழுபறியை நாம் விளக்க வேண்டியதில்லை.

ரோபோவாயினும் விண்கலமாயினும் தராசின் நீதி ஒன்றே. 'கியூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்னும் மாணவர் போட்டியில், அனுப்பும் பொருள் 4 செ.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும்; எடை 64 கிராமுக்கு மிகலாகாது. பள்ளப்பட்டி இளைஞர் ரிபாத் ஷாரூக்கும் சென்னை 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' குழுவினரும் உலோகத்தை விலக்கி, கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்கை முப்பரிமாண அச்சில் வார்த்து, 'கலாம்சாட்' கூட்டை அமைத்தனர். 2017 ஜூன் 22-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து அது ராக்கெட்டில் ஏறியது. அது பூமியை வலம் வந்ததாகச் சிலர் எழுதினர்; அது சரியன்று. விண்ணைத் தொட்டு உடனே இறங்கிய பிரயாணமே அது. ஆயினும் அந்தக் கூட்டின் உறுதியைச் சோதிக்க அதுவே போதுமானது.

நம் தென் புறநகரிலேயே சான்றுகள் உண்டு. காற்றிலுள்ள வாயுக்களை ஆராயக் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர் சமைத்த செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12-ல் பறந்தது, எடை 10.9 கிலோ. அதே நோக்கத்துடன் சத்தியபாமா மாணவர் அமைத்து, 2016 ஜூன் 22-ல் பறந்த கோளோ 1.5 கிலோதான்!

நம் மாணவர் செய்தது என்ன? ஒரு மாணவனின் தகப்பனார், விலையுயர்ந்த இலேசான தகடு வாங்கித் தர முன்வந்தார். நாம் வேண்டாமென்றோம். "ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்" என்றோம். முகப்பிலிருந்த பளபளப்பான மூடிக்கும் வண்ண விளக்குகளுக்கும் எதிரே எழுத ஒன்றுமில்லை. ஆசையாய்ப் பொருத்தியவற்றை அவர்களே கழற்றினார்கள். தராசின் முள் விதிக்கு இறங்கியது.

பணத்தால் ஏற்றுவது எளிது. யோசித்து இறக்குவதே கல்வி.