மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகம்

தொழில்நுட்பம் கலையைக் குறுக்கிவிடும் என்பவர்கள் நம் இசையில் முதலில் கைகாட்டுவது கிராமபோன் பிளேட்டைத்தான். பத்து அங்குலப் பிளேட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம் ஓடும். ஆலாபனையை மணிக்கணக்கில் விரித்துப் பழகியவர்கள் அதற்குள் ராகத்தைக் கோடிகாட்டி, பல்லவி முதல் சரணம் வரை பாடி முடிக்க வேண்டியிருந்தது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த 3 நிமிடம் கலைஞர்களிடமிருந்து எதை வரவழைத்தது என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

1902-இல் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. மின்சார ஒலிப்பதிவு 1925-இல்தான் வந்தது. பாடுபவர் பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். தம்புராவின் ரீங்காரம் அதில் சரியாக விழாது. நடுவில் பிசகினால் திருத்த வழியில்லை. புதுத் தட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவானது ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அரக்குத் தட்டாகித் திரும்பும். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது, அங்கே இருந்தவர்கள் அடையாளம் காண்பதற்காகத்தான் என்பார்கள். 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது.

இத்தனை நெருக்கடியில் பாடியவர்கள் வெறுமனே வெட்டிக் குறைக்கவில்லை. முதல் பிடியிலேயே ராகம் முகம் காட்டும்படி பாடக் கற்றார்கள். அதுவும் ஒரு வித்தைதான். தொடக்க காலத்தில் இதற்குத் துணிந்து முன்வந்தவர்களில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண்கள் முக்கியமானவர்கள். தாயி பாடிய அருட்பா பிளேட்டில் மனத்தைப் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அதை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்ற படைப்பையே எழுதினார். பாட்டின் உயிர் போயிருந்தால், தமிழறியாத ஒருவரை அது அப்படி ஆட்கொண்டிருக்குமா?

மேடைக் கச்சேரியும் சிறு உருப்படிகளாகச் சுருங்கியதே என்று கேட்கலாம். பல உருப்படிகள் கொண்ட இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அதற்குப் பிளேட்டை மட்டும் பழிப்பது நியாயமல்ல. சபாக்களும் டிக்கெட்டும் நகரத்து ரசிகரின் நேரமும் சேர்ந்தே அந்த வடிவத்துக்கு இடம் கொடுத்தன. 1948-இல் அறிமுகமான எல்.பி. தட்டு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. அதன் பிறகும் சினிமாப் பாட்டு மூன்று, நான்கு நிமிடத்திலேயே நின்றது. மேடையில் ராகம் தானம் பல்லவியும் மறையவில்லை. எதை எங்கே நீட்டுவது, எங்கே சுருக்குவது என்பதைக் கடைசியில் தீர்மானித்தவர்கள் கலைஞரும் கேட்பவரும்தான். பிளேட்டைக் கேட்டே பாடம் செய்தவர்கள் குறுகிய வடிவத்தையே முழுப் பாட்டென்று கொள்ளும் ஆபத்து இருந்தது; அந்த இழப்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிளேட் காப்பாற்றித் தந்ததும் உண்டு. நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் 27 வயதிலேயே மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. நமக்கு எஞ்சியிருக்கும் அவர் குரல் பிளேட்டுகளில் இருப்பதுதான். அரக்குத் தட்டு கைதவறி விழுந்தால் தெறித்துவிடும், பிறகு ஒட்டவைக்க முடியாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிளேட்டுகள் இருந்தால் தயவுசெய்து பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள். அவற்றைப் பாதுகாத்து, பாட்டைக் கணினியில் ஏற்றிவைக்கக்கூடிய நூலகத்திடமோ சேகரிப்பாளரிடமோ ஒப்படையுங்கள்.