எட்டு கிராம் எச்சில்

அனந்தபுரம் பக்கத்துப் பனைகளில் காவோலை தொங்குகிற இடமெல்லாம் பனை உழவாரன் என்ற பறவைக்கு வீடு. நீளம் 13 சென்டிமீட்டர். இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிச் சின்னக் கூடு செய்யும். இடுகிற 2 அல்லது 3 முட்டைகளையும் அதே எச்சிலால் ஒட்டிவிடும். எந்தக் காற்றிலும் ஓலை ஆடலாம், முட்டை விழாது. இந்தக் கூட்டுக்குச் சந்தை விலை: 0.

இந்தப் பறவையின் பங்காளி ஒன்று அந்தமான் குகைகளில் இருக்கிறது. எடை 15 முதல் 18 கிராம். பஞ்சும் இல்லை, இறகும் இல்லை. கூடு முழுக்க எச்சில்தான். ஒரு கூடு ஏறத்தாழ 8 கிராம், அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்த எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு. கட்டி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சீனச் சூப்புக்காக உலகச் சந்தையில் இதன் விலை கிலோவுக்கு 1,000 டாலருக்கு மேல்.

அந்த ஒரு கிலோவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 125 கூடுகள், 125 ஜோடிகள். கூட்டுக்கு 2 முட்டை என்றால் 250 முட்டைகள் இடம் இழக்கின்றன. பறித்தால் மறுபடி கட்டும். மறுபடியும் பறிப்பார்கள். இந்தத் தீராத பறிப்பில்தான் பத்தே ஆண்டுகளில் இந்தப் பறவை 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது என்று கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் கண்டறிந்தார்.

1999இல் அந்தமான் வனத்துறையும் அந்த மையமும் சேர்ந்து வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில் காவல் போட்டன. காவலுக்கு நின்றவர்கள் முன்பு கூடு பறித்தவர்களே. எனக்கு இந்தக் கணக்கில் பெரிய வரவு அதுதான். விதி ஒன்றே: குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடு. காவல் இருந்த குகைகளில் பறவை பெருகியது, இல்லாதவற்றில் சரிந்தது. 2002இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றிய பறவையை, இப்படி முறையாக எடுக்க வழிவிடுவதற்காகவே 2003இல் நீக்கினார்கள். ரவி சங்கரன் 2009 ஜனவரியில், 45 வயதில் காலமானார்.

இங்கே தமிழ்நாட்டில், உழவாரனின் வீடான பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளும் அந்த ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் வந்தன. இன்று ஊன்றும் விதை மரமாகிக் காவோலை தொங்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை நிற்கிற மரம்தான் கணக்கு. வேலிக்கும் அடுப்புக்கும் ஓலை கழிக்கத்தான் வேண்டும், தப்பில்லை. ஏறுகிறவர் அரிவாளை ஓங்கும் முன் ஓலையின் உட்புறத்தை ஒருமுறை பார்த்தால், 3 முட்டை மிஞ்சும்.