அணுப்போர் விளையாட்டு காட்டாத மறுநாள்

கோவை மாநகரின் வடபால், சத்தியமங்கலம் சாலையில் அமைந்த சரவணம்பட்டி ஒரு தலைமுறைக்கு முன்பு ஒரு சிற்றூர். இன்றோ கணிப்பொறி நிறுவனங்களும் கல்லூரிகளும் மாணவர் விடுதிகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இத்தகைய இடங்களில்தான் படிக்கின்றனர், பணியாற்றுகின்றனர். பகலெல்லாம் கணிப்பொறியின் முன் உழைப்பவர்கள் இரவில் இளைப்பாறுவதும் பெரும்பாலும் அதன் முன்னால்தான். அவ்வாறு ஆடக் கிடைக்கும் ஆட்டங்களுள் ஒன்றைக் குறித்துப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சிந்திப்பது நலம் என்று கருதுகிறோம்.

அதன் பெயர் 'டெஃப்கான்'. இங்கிலாந்தைச் சேர்ந்த இன்ட்ரோவர்ஷன் என்னும் சிறு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. அமெரிக்கப் படைகளின் போர் ஆயத்த நிலையை 5 முதல் 1 வரை குறிக்கும் அளவுகோலின் பெயரே ஆட்டத்துக்கும் பெயராயிற்று. கருநிறத் திரையில் உலகப் படம் ஒளிக்கோடுகளால் வரையப்பட்டிருக்கும். உலகம் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆடுபவர் தம் பகுதியில் ஏவுகணைத் தளங்கள், ரேடார்கள், விமான தளங்கள், கப்பல்கள் ஆகியவற்றை நிறுத்துவார். ஆயத்த நிலை 5இலிருந்து படிப்படியாக 1க்கு இறங்கியதும் அணு ஏவுகணைகள் கிளம்பும். எதிரியின் நகரங்களில் பத்து இலட்சம் பேர் மாண்டால் இரண்டு புள்ளி. தம் நகரங்களில் பத்து இலட்சம் பேர் மாண்டால் ஒரு புள்ளி குறையும். ஆட்டத்தின் வழக்கமான கணக்கு இதுவே.

ஆட்டத்தை உருவாக்கியவர்கள் போரைப் போற்றவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் இறப்பர் என்பதே அதன் விளம்பர வாசகம். பின்னணியில் ஓர் அழுகுரலும் இருமலும் மெல்லக் கேட்கின்றன. 1983இல் வெளிவந்த 'வார்கேம்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் தந்த தூண்டுதலால் எழுந்த ஆட்டம் இது. எச்சரிக்கையாக அமைய வேண்டும் என்பதே நோக்கம் எனலாம். ஆயினும் அந்த எச்சரிக்கை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. குறைகள் மூன்று நம் கண்ணுக்குத் தென்படுகின்றன.

முதற்குறை, உயிர் எண்ணாகிப் போவது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழப் பத்தரை இலட்சம் பேர். ஆட்டத்தின் கணக்கில் இந்நகரம் முழுவதும் எதிராளிக்கு இரண்டு புள்ளிதான்! 1998 பிப்ரவரி 14ஆம் நாளை நம்முள் யார் மறந்தோம்? அன்று கோவையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஐம்பத்தெட்டு வீடுகளில் ஓர் இடம் வெறுமையாயிற்று. அந்த வெறுமை இன்றளவும் நிறையவில்லை. ஐம்பத்தெட்டு உயிர்களின் சுமையே ஒரு நகரத்தால் தாங்க இயலாததாயின், பத்து இலட்சத்தைத் திரையின் ஓர் எண்ணாகப் பார்த்துப் பழகும் கண்ணுக்கு என்ன நேரும்?

இரண்டாம் குறை, மறுநாள் இல்லாமை. குண்டு விழுந்ததும் திரையில் ஒரு வெள்ளொளி தோன்றி மறைகிறது. மாண்டோர் தொகை எழுதப்படுகிறது. ஆட்டம் மேலே நடக்கிறது. கதிரியக்கத் தூசி படிவதில்லை, பயிர் கருகுவதில்லை, நோயுற்றுக் கிடப்பவர் எவருமில்லை.

உண்மையில் நடந்ததென்ன? 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு நாகசாகியில் வெடித்த குண்டு, உரகாமிப் பேராலயத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் வெடித்தது. மரியன்னையின் விண்ணேற்புத் திருவிழாவுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் அவர்களுக்குச் செவிமடுத்த குருக்களும் அங்கேயே மாண்டனர். அப்பங்கில் இருந்த சுமார் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் உயிரிழந்தனர்.

அங்கே மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறையில் பணிபுரிந்தவர் தக்காஷி நாகாய். முன்னரே இரத்தப் புற்றுநோய் கண்டிருந்த அவர், குண்டினால் படுகாயமுற்ற நிலையிலும் பிறருக்கு மருத்துவம் செய்தார். பின்னர் வீடு சென்றபோது எரிந்த சாம்பலில் மனைவியின் எலும்புகளையும் அவரது செபமாலையையும் கண்டெடுத்தார். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட பேராலய மணி அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது ஒலித்தது. இரு குழந்தைகளை விட்டு 1951இல் அவர் மறைந்தார். ஆறு ஆண்டு நீண்ட இந்த 'மறுநாள்' ஆட்டத்தில் எங்கே?

மறுநாளின் துயரம் குண்டு விழுந்த ஊரோடு முடிவதுமில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதத்தில் அணுவெடிச் சோதனை நடத்திய நாடுகள். இவ்விரண்டுக்கும் இடையே அணுப்போர் மூண்டால் என்ன நேரும் என்று அறிவியலார் 2019இல் கணக்கிட்டு வெளியிட்டனர். 5 கோடி முதல் 12½ கோடி வரை மக்கள் உடனே மடியக்கூடும். எரியும் நகரங்களின் கரும்புகை வானில் உயர்ந்து கதிரவன் ஒளியை மறைக்கும். உலகெங்கும் மழை 15 முதல் 30 விழுக்காடு வரை குறையும். இத்தகைய போரின் விளைவான பஞ்சத்தால் இருநூறு கோடிக்கு மேற்பட்டோர் மாளக்கூடும் என்று 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறிற்று. ஒரு பருவமழை பொய்த்தாலே கிணறு வற்றிக் கலங்கும் கொங்கு நாட்டு உழவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஒரு குண்டும் விழாத ஊரிலும் அடுப்பு அணையும். இப்பெரும் பஞ்சத்துக்கு ஆட்டத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

மூன்றாம் குறை, 'வேண்டாம்' என்று சொல்ல ஆளில்லாமை. ஆட்டத்தில் ஆயத்த நிலை கடிகாரம் போலத் தானாகவே இறங்குகிறது. ஏவாமல் இருப்பவருக்குப் புள்ளி ஏதுமில்லை. இயந்திரம் தவறுவதுமில்லை.

ஆனால் 1983 செப்டம்பர் 26ஆம் நாள் பின்னிரவில், அமெரிக்கா ஏவுகணைகளை ஏவிவிட்டது என்று சோவியத் நாட்டின் எச்சரிக்கைக் கருவிகள் அறிவித்தன. மொத்தம் ஐந்து ஏவுகணைகள் என்றன. பொறுப்பிலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. பொய் எச்சரிக்கை என்று முடிவு செய்தார். மேகங்களின்மீது பட்டுத் தெறித்த கதிரொளியே கருவியை ஏமாற்றியது என்பது பின்னர் தெரிந்தது. 2022 மார்ச் 9ஆம் நாள் நம் நாட்டு ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்வினையாக அதில் வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. வகுத்த நடைமுறை மீறப்பட்டதே காரணம் எனக் கண்டு, விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அன்று பதற்றம் மேலோங்கியிருந்தால்? மனிதரின் நிதானமே இருமுறையும் உலகைக் காத்தது. அந்த நிதானத்துக்குத்தான் ஆட்டத்தில் இடமில்லை.

ஆட்டங்கள் அனைத்தும் இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கிறிஸ் கிராபோர்டு என்பவர் 1985இல் உருவாக்கிய 'பேலன்ஸ் ஆஃப் பவர்' என்னும் ஆட்டத்தில், ஆடுபவர் வல்லரசின் தலைவராகி, எட்டு ஆண்டுகள் அணுப்போர் மூளாமல் காக்கவேண்டும். தவறி மூண்டுவிட்டால் வெடிக்கும் காட்சி ஏதும் வராது. திரை இருண்டு, தோல்விக்குப் பரிசாக வேடிக்கை காட்டமாட்டோம் என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு மட்டுமே தோன்றும். எளிய ஆட்டம்தான், ஆனால் உண்மைக்கு அருகில் நின்றது.

முழு நகரங்களை வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பர் 24ஆம் நாள் ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானது என்றார்.

எனவே பெற்றோர் என்ன செய்யலாம்? பிள்ளையின் கையிலிருந்து ஆட்டத்தைப் பறிப்பதால் மட்டும் பயன் விளையாது. அருகில் அமர்ந்து பாருங்கள். ஆட்டம் முடிந்து வெற்றி அறிவிக்கப்பட்டதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "அந்த எண்ணிக்கையில் யார் யார் இருந்தார்கள்? நாளைக் காலை அவர்கள் என்ன உண்பார்கள்? ஏவாதே என்று சொல்ல யாருக்கு வாய்ப்பு இருந்தது?" கணிப்பொறி எழுதவும் திருத்தவும் கற்ற நம் இளைஞர்கள் இக்கேள்விகளின் கனத்தை உணரக்கூடியவர்கள். இவற்றுக்கு விடை சொல்லும் ஆட்டத்தை ஒருநாள் சரவணம்பட்டியிலேயே அவர்கள் படைக்கவும் கூடும். அதுவரை, ஆட்டம் காட்டாத அந்த மறுநாளை வீட்டில் எடுத்துச் சொல்லும் கடமை நம்முடையது.