மண்வெட்டியும் காசோலையும்

அமெரிக்காவின் பழைய நகரங்களில் நடைபாதையைக் குனிந்து பார்த்து நடப்பவர்களுக்கு, சில இடங்களில் சிமென்டில் பதித்த ஒரு முத்திரை தட்டுப்படும். டபிள்யூ.பி.ஏ. என்ற மூன்று எழுத்துகள்; பக்கத்தில் 1938 என்றோ 1940 என்றோ ஓர் ஆண்டு. பெருமந்தக் காலத்தில், 1935-இல், ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அது. எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். ஊருக்கும் தொழிலுக்கும் தக்கபடி மாதச் சம்பளம் 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,100 கோடி டாலர்.

வெட்டிச் செலவு என்ற ஏச்சு அந்த அமைப்பைத் தொடக்கம் முதலே துரத்தியது. அது பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1935 ஏப்ரலில், நியூயார்க்கில் நிவாரணச் செலவு பற்றி ஒரு விசாரணை நடந்தது. வேலையற்றவர்களுக்கு நடனமும் கைவேலையும் கற்றுத்தர 31,87,000 டாலர் போயிருப்பது அதில் தெரிய வந்தது. கற்றுத்தந்தவற்றில் ‘பூண்டாகிள்’ என்பதும் ஒன்று. சாரணச் சிறுவர்கள் வாரைப் பின்னிச் செய்யும் சிறு பொருளுக்கு வழங்கிய பெயர் அது. மறுநாள் நாளிதழ்த் தலைப்பில் அந்தச் சொல் ஏறியது. அன்றிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்தில் அரசுப் பண விரயத்துக்கு அதுவே பெயர். கேலிச்சித்திரக்காரர்களுக்கோ மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நிற்கும் ஒரு மனிதன் போதுமானவனாக இருந்தான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி நம்மூர்த் தேநீர்க் கடைகளில் நடக்கிற பேச்சுக்கு அண்ணன் முறை அது.

அந்தச் சாய்ந்து நின்ற மனிதர்கள் 6,50,000 மைல் சாலைகளைப் போட்டார்கள், செப்பனிட்டார்கள். சுமார் 1,25,000 பொதுக் கட்டடங்களில் அவர்களுடைய கை பட்டிருக்கிறது. சான் அன்டோனியோவின் ஆற்றங்கரை நடைபாதை அவர்கள் கட்டியது. ஓரிகான் மாநிலத்தில் ஹூட் மலைமேல் நிற்கும் டிம்பர்லைன் விடுதியும் அவர்கள் கட்டியதே. இவை இரண்டுக்கும் இன்றும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட முடியாது. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்ற விதியால் பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குக் கூலி குறைவு. 1938 தேர்தலில் இந்த வேலையையே வாக்குக்கு விலையாக்கினார்கள் என்ற புகார் முற்றி, மறு ஆண்டு அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது.

2009 பிப்ரவரி 17-இல் டென்வரில் ஒபாமா கையெழுத்திட்ட ஊக்கச் சட்டத்திலும் மண்வெட்டி இருந்தது, ஆனால் சொல்லில். ‘ஷவல் ரெடி’, அதாவது மண்வெட்டியை எடுத்தால் போதும், உடனே தொடங்கிவிடலாம் என்று சொல்லப்பட்ட வேலைகள். 78,700 கோடி டாலரில் நெடுஞ்சாலைகளுக்குக் கிடைத்தது 2,750 கோடிதான். பெரும்பங்கு வரிச்சலுகையாகவும், மாநிலங்களுக்கான மானியமாகவும், உதவித்தொகையாகவும் கரைந்தது. அப்படி உடனே தொடங்கத் தயாராக எதுவும் இருப்பதில்லை என்று ஒபாமாவே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டார். வேலை நடந்த சாலையோரங்களில் சட்டத்தின் பெயரைச் சொல்லும் பலகைகள் நின்றன. பலகைக்கு ஆகும் செலவே தனிச் சர்ச்சையானது. வேலை முடிந்ததும் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள்.

ஊரே சிரித்தது ஆமைகளைப் பார்த்து. ஃபுளோரிடாவில் டல்லஹாசிக்கு அருகே ஜாக்சன் ஏரியை அறுத்துக்கொண்டு போகிறது 27-ஆம் எண் நெடுஞ்சாலை. கடக்க முயன்று வண்டிச் சக்கரத்தில் நசுங்கும் ஆமைகளுக்காகச் சாலையடியில் வழி அமைக்க 34 லட்சம் டாலர். செனட்டர் டாம் கோபர்ன் வெளியிட்ட வீண்செலவுப் பட்டியலில் அதற்கு முக்கிய இடம். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. சூரியத் தகடு செய்த சொலிண்ட்ரா நிறுவனத்துக்கு அரசு உத்தரவாதம் தந்த கடனோ 53.5 கோடி டாலர். 2011-இல் அது திவாலானது. அதற்கும் கூச்சல் எழுந்தது, ஆனால் ஆமையைப் போல ஒரு படமாக அது மனத்தில் நிற்கவில்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியர்களுக்கு அனுப்பிய 250 டாலர் தொகை இறந்தவர்களுக்கும் சிறையிலிருந்தவர்களுக்குமாக 89,000 பேருக்குப் போனதாகத் தணிக்கையில் தெரிந்தபோது அது ஒரு நாள் செய்தி. இழப்பு 2 கோடியே 20 லட்சம் டாலர் சொச்சம்.

2020-இல் மண்வெட்டி என்ற சொல்லும் தேவைப்படவில்லை. பெருந்தொற்றில் யாரையும் வேலைக்கு அழைக்க முடியாது. வீட்டில் இருக்கச் சொல்லித்தான் பணம் கொடுத்தார்கள். மார்ச் 27-இல் சட்டம், 2.2 லட்சம் கோடி டாலர். சிறு நிறுவனங்களுக்கான கடன் ஒரே வாரத்தில் திறந்தது. விண்ணப்பித்தவர் தம்மைப் பற்றிச் சொன்னதே சான்று. கடைகளும் குடும்பங்களும் தப்பிப் பிழைத்ததற்கு அந்த வேகம் ஒரு காரணம். 1930-களில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கிட்டாத வேகம் அது. அதே வேகத்தில், கடன் பணத்தில் மயாமியில் ஒருவர் லம்போர்கினி வாங்கினார். சிறுதொழில் நிர்வாகத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2023-இல் போட்ட கணக்குப்படி, அந்த நிர்வாகத்தின் இரண்டு திட்டங்களில் மட்டும் மோசடியாகப் போயிருக்கக்கூடிய தொகை 20,000 கோடி டாலருக்கு மேல். டபிள்யூ.பி.ஏ.வுக்கு ஆன 1,100 கோடியை இன்றைய விலைக்குக் கொண்டுவர இருபதால் பெருக்கிப் பார்த்தேன். 22,000 கோடி. எட்டு ஆண்டுச் சாலைகளும் பாலங்களும் பள்ளிகளும் ஒரு தட்டில். மறு தட்டில் கிட்டத்தட்ட அதே எடைக்கு, யாரும் பார்க்காத வங்கிப் பரிமாற்றங்கள்.

ஜாக்சன் ஏரியின் வழி 2010-இல் கட்டி முடிந்தது. ஓரச்சுவர் திருப்பிவிட, ஆமைகள் சாலைக்கு அடியில் போகின்றன.

2020-இன் அரசுக்கும் தன் முத்திரையை எங்காவது பதிக்க வேண்டியிருந்தது. தபாலில் போன நிவாரணக் காசோலைகளில் அதிபர் டிரம்பின் பெயரை அச்சிட்டார்கள். பணத்தை அனுப்பிய கருவூலப் பிரிவிடம் அப்போது முழுமையான இறப்புப் பதிவேடு இருக்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் இறந்தவர்களுக்குச் சென்ற தொகைகள் ஏறத்தாழ 11 லட்சம், மதிப்பு 140 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. காசோலை வந்த வீட்டாருக்கு வரித்துறை ஓர் அறிவுரை சொன்னது: பின்புறம் ‘செல்லாது’ என்று எழுதித் தபாலில் திருப்பி அனுப்புங்கள்.