உதட்டுக்குள் கட்டி: எது ஆபத்து?

கீழ் உதட்டின் உட்புறம் மிளகு அளவில் ஒரு கட்டி. நாக்கு ஓயாமல் அங்கேயே போகிறது. தடவத் தடவ அது பெரிதாகத் தோன்றுகிறது. "புற்றுநோயாக இருக்குமோ?" என்று மனம் பதறுகிறது.

பதற வேண்டாம். உதட்டுக்குள் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்து இல்லாதவை. ஆனால், அலட்சியமும் கூடாது!

எச்சில் கட்டி

வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு எச்சில் சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை உள்ளன. உதட்டிலும் இவை உண்டு. சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டால், சுரப்பியின் மெல்லிய குழாய் அறுந்துவிடலாம். எச்சில் வெளியே வர வழியின்றித் தோலுக்கு அடியில் தேங்கும். அதுதான் எச்சில் கட்டி.

இது மெத்தென்று இருக்கும். சற்று நீலமாகத் தெரியும். வலிக்காது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வரும். உடைந்து வற்றும், மறுபடியும் வரும். தானாக மறைவதும் உண்டு. மறையாவிட்டால், பல் டாக்டர் உதட்டை மரத்துப்போகச் செய்து, சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிடுவார். வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள்! சீழ் பிடிக்கும்.

வேறு என்ன?

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடித்தால், சதை தடித்துக் கெட்டியான கட்டியாகும்.

மஞ்சள் நிறத்தில் மணல் போன்ற பொடிப் புள்ளிகள் தெரிந்தால், அவை எண்ணெய்ச் சுரப்பிகள். நோயே அல்ல.

நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு, காரம் பட்டால் எரிச்சல் என்றால், அது வாய்ப்புண். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும்.

உதடு முழுவதும் திடீரென்று வீங்கினால், சாப்பிட்ட உணவோ மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். கூடவே மூச்சுத் திணறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வலிக்காததுதான் மோசம்!

"வலி இல்லையே, பிறகு பார்க்கலாம்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. சாதாரண வாய்ப்புண் சுள்ளென்று வலிக்கும். புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது!

ஆகவே, வலியைப் பார்க்காதீர்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கல் போல இறுகிய கட்டி, தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ரத்தக் கசிவு, கழுத்தில் நெறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். எச்சில் கட்டி மேல் உதட்டில் வருவது அபூர்வம். எனவே, அங்கே கெட்டியான கட்டி தென்பட்டால் கட்டாயம் காட்ட வேண்டும்.

உதட்டுக்குள் புகையிலை அதக்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதக்கும் இடத்திலேயே புற்றுநோய் வரலாம். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2003-ஆம் ஆண்டில் அறிவித்தது.

கத்தி பட்டால் பரவுமா?

சந்தேகம் இருந்தால், டாக்டர் சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்று சிலர் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பயம் தேவையற்றது. நோய் பரவுவது கத்தியால் அல்ல, காலம் கடத்துவதால்தான்!

மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று, உதட்டைப் புரட்டிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துவிடுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும். காசு செலவில்லை!