வேதிப் பொறியியல் மேற்படிப்பு: கடனுக்கு முன் ஒரு கேள்வி

மே மாதம் பிறந்ததும் சித்தூர், திருப்பதிப் பகுதிக் கிளைகளில் கல்விக் கடன் பிரிவில் கூட்டம் கூடத் தொடங்கும். வேதிப் பொறியியலில் பி.டெக். முடிக்கும் மகனையோ மகளையோ அழைத்துவரும் பெற்றோர் பலர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒருங்கே நீட்டுகின்றனர். கேட் தேர்வு எழுதியதுண்டா என நாம் வினவினால், "அது ஐஐடிக்குப் போகிறவர்களுக்குத்தானே, சார்?" என்ற மறுமொழியே பெரும்பாலும் வருகிறது.

அவ்வெண்ணம் சரியன்று. பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் கேட் தேர்வில் வேதிப் பொறியியலுக்கெனத் தனித் தாள் உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவரும் எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். 2015இல் தொடங்கப்பெற்று ஏர்ப்பேடு அருகே இயங்கும் திருப்பதி ஐஐடிக்கு மட்டுமன்றி, என்ஐடிகளுக்கும் அதுவே வாயில். திருப்பதி நகரிலுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலும் வேதிப் பொறியியல் துறை உண்டு. மாநிலப் பல்கலைக்கழக எம்.டெக். இடங்களுக்கு ஆந்திர அரசின் பிஜிஈசெட் தேர்வு இருப்பினும், கலந்தாய்வில் கேட் தகுதி பெற்றோருக்கே முன்னுரிமை.

கேட் தகுதியுடன் முழுநேர எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதங்கள் வரை கிடைக்கும். கூட்டினால் 2,97,600 ரூபாய். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோர் ஐஐடிகளில் பி.டெக். முடித்தே நேரடியாகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வழியுண்டு. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தோரை ஏற்கும் துறைகளும் உள. எனினும் வெப்பப் பரிமாற்றம், திரவ இயக்கவியல் போன்ற பாடங்களைப் படித்திராதோர் அறிவிப்பை வரிக்கு வரி பார்த்தல் நலம்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை பலரும் கவனியாத ஒன்றுண்டு. அங்கே முதுநிலைப் படிப்புக்கு மாணவரே பணம் கட்டுவது வழக்கம். வேதிப் பொறியியல் பிஎச்.டி.யிலோ, இளநிலைப் பட்டத்துடனேயே சேர்ந்து, கட்டண விலக்கும் மாதப்படியும் பெறுவது பரவலாக உள்ளது. மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க உரை, டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் ஆகியன தேவை. இவற்றுள் பரிந்துரைக் கடிதமே எடை மிக்கது. பேராசிரியரிடம் ஒரு செய்முறைத் திட்டத்திலேனும் பணியாற்றாதவர்க்கு அது எளிதில் வாய்க்காது.

இனி நம் கணக்கு. 30 லட்சம் ரூபாய்க் கடனை 10 சதவீத வட்டியில் முதல் நாளிலேயே முழுதும் பெற்றதாகக் கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டுத் தவணை விலக்கும் முடிகையில் தனிவட்டி மட்டுமே 9 லட்சம். தவணைகளாகப் பெற்றால் சற்றுக் குறையும். பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு கேட்கப்படும். அந்த வீட்டில் பெற்றோர் குடியிருக்கின்றனர் என்பதை நாம் மறப்பதில்லை. வெளிநாட்டுப் படிப்பெனில் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பமே ஏற்க வேண்டியிருக்கும்.

உள்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்வோர்க்கு, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடின்றிக் கடன் உண்டு. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பத்தினர், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழுக்குச் சில வாரங்கள் பிடிக்கக்கூடும். அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராது முன்னதாகவே அதற்கு மனுச் செய்துவிடுக.